இரண்டாவது முறை அழுத்தினால் என்ன ஆகும்?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். கோலாலம்பூரிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு நான்கு பேருந்து டிக்கெட்டுகள் வேண்டும். கைப்பேசியில் இருக்கைகளைத் தேர்ந்தெடுத்து, பெயர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. பத்து வினாடி ஆகிறது, இருபது வினாடி ஆகிறது, வட்டம் நிற்கவில்லை.

இப்போது என்ன செய்வீர்கள்? நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். மறுபடியும் அழுத்துவோம்.

அதன் பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். நல்ல நேரமாக இருந்தால், நான்கு டிக்கெட்டுகள் வரும். பணமும் ஒரு முறைதான் போயிருக்கும். கெட்ட நேரமாக இருந்தால், இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டு எட்டு டிக்கெட்டுகள் வரும். பணத்தைத் திரும்பப் பெறப் பண்டிகை நாளில் யாரை அழைப்பது? மூன்றாவதாக, திரையில் 'டூப்ளிகேட் என்ட்ரி' என்று தொடங்கும் ஒரு வரி, 1062 என்ற எண்ணோடு வந்து நிற்கும். இணையத்தளம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைப்பேசியைத் தூக்கி வைப்பீர்கள்.

உண்மையில் அந்த மூன்றாவது முடிவு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதை. உங்கள் பணம் இரண்டாவது முறை போகாமல் யாரோ உள்ளே இருந்து தடுத்திருக்கிறார்கள். தடுத்தது யார், எப்படித் தடுத்தார், அவரையும் ஏமாற்றும் இடங்கள் எவை என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பதிவேட்டின் காவல்காரர்

நீங்கள் பார்க்கும் இணையத்தளங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அதைப் பெரியதொரு பதிவேடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. ஒவ்வொரு கட்டமும் ஒரு தகவல்.

இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் இட்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் சான் ஹோசேயில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1970-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தகவல்களைக் கணிதத்தின் 'கணம்' என்ற கருத்தைக் கொண்டு அடுக்கிவைக்கலாம் என்று காட்டியது. 1981-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

பள்ளியில் படித்த கணங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு கணத்தில் ஓர் உறுப்பு ஒரு முறைதான் இடம்பெறும். 2, 3, 3, 5 என்று எழுதினாலும் அது 2, 3, 5 என்ற கணமே. ஆகவே காட் வகுத்த முறைப்படி, இரட்டைப் பதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நடைமுறையில் வந்த தரவுத்தள மென்பொருள்கள் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. நாம் கேட்டுக்கொண்டால்தான் காவல் காக்கும். 'இந்தக் கட்டத்தில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது' என்று நிரலர் முன்கூட்டியே கட்டளையிட வேண்டும். இதற்குப் பெயர் யூனிக் கீ. நாம் தனிச்சாவி என்று சொல்லலாம். அந்தக் கட்டளை இருக்கும் இடத்தில் யாராவது ஏற்கெனவே உள்ள மதிப்பை மீண்டும் எழுத வந்தால், தரவுத்தளம் மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் மென்பொருள் 1062 என்ற எண்ணோடு மறுக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 23505 என்று சொல்லும். ஆரக்கிளில் அந்தப் பிழையின் எண் 1.

இந்த ஏற்பாட்டை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். மலேசியாவின் டுயிட்நாவ், சிங்கப்பூரின் பேநாவ் இரண்டிலும் ஒரு கைப்பேசி எண்ணை ஒரு சமயத்தில் ஒரே ஒரு வங்கிக் கணக்கோடுதான் இணைக்க முடியும். அப்படி இல்லாவிட்டால் உங்கள் எண்ணுக்கு வரும் 50 ரிங்கிட் எந்தக் கணக்கில் போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று கோடிப் பெயர்களில் தேடுவது எப்படி?

ஒவ்வொரு முறையும் முழுப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்குமா இந்தக் காவல்காரர்? அப்படிப் பார்த்தால் விடிந்துவிடும். மலேசியாவின் மக்கள்தொகை மூன்று கோடிக்கும் மேல். அத்தனை வரிகளையும் படிப்பது நடக்கிற காரியமல்ல.

அகராதியில் சொல் தேடுகிறவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை அல்லவா? அதே உத்திதான். ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மக்கிரைட் ஆகிய இருவர், போயிங் ஆய்வகத்தில் இருந்தபோது பி-மரம் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் சில நூறு வழிகாட்டிகள் இருக்கும். 'இந்த எண் வேண்டுமா? இந்தக் கிளையில் போ' என்று அவை திருப்பிவிடும்.

ஒரு கணுவில் 300 கிளைகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று படி இறங்கினால் 300 × 300 × 300, அதாவது 2 கோடியே 70 லட்சம் பதிவுகள் வரை எட்டலாம். நான்காவது படியில் 810 கோடி. மலேசியர் அனைவரின் பெயரும் இருக்கும் பதிவேட்டில், நான்கே படிகளில் 'இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லிவிட முடியும். அதனால்தான் நீங்கள் பொத்தானை அழுத்திய கணத்திலேயே பதில் வருகிறது.

இரண்டு குமாஸ்தாக்கள்

புதிதாக நிரல் எழுதப் பழகும் இளைஞர்கள் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. தனிச்சாவி போடாமல், தாங்களே காவல் காக்க நினைப்பார்கள். 'முதலில் பார், இல்லையென்றால் எழுது' என்று இரண்டு வரி எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுவார்கள். அவர்களது கணினியில் நூறு முறை சோதித்தாலும் சரியாகவே வேலை செய்யும்.

ஓர் அலுவலகத்தில் இரண்டு குமாஸ்தாக்கள், நடுவில் ஒரே பதிவேடு. முதல் குமாஸ்தாவிடம் ஒருவர் வந்து 12-ஆம் எண் இருக்கையைக் கேட்கிறார். குமாஸ்தா பதிவேட்டைப் பார்க்கிறார்; காலி. பேனாவை எடுக்கத் திரும்புகிறார். அந்த இடைவெளியில் இரண்டாவது குமாஸ்தாவும் அதே இருக்கைக்காகப் பதிவேட்டைப் பார்க்கிறார், அவருக்கும் காலிதான். முதலாமவர் எழுதுகிறார். இரண்டாமவரும் எழுதுகிறார். இருவரும் விதிப்படியே நடந்தார்கள். ஆனாலும் ஒரே இருக்கைக்கு இரண்டு பயணிகள்.

கணினியில் இந்த இடைவெளி சில மில்லிவினாடிதான். ஒருவர் மட்டும் பயன்படுத்தும்போது அது கண்ணில் படாது. பண்டிகை டிக்கெட் விற்பனை தொடங்கும் காலை பத்து மணிக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்தால், அந்தச் சில மில்லிவினாடிக்குள் இரண்டு பேர் நுழைந்துவிடுவார்கள். இரண்டு முறை அழுத்தும் உங்கள் விரலும் அதே இடைவெளியில் நுழையக்கூடும். இதை ஆங்கிலத்தில் ரேஸ் கண்டிஷன் என்பார்கள். யார் முந்துகிறார் என்ற ஓட்டப்பந்தயம்.

தனிச்சாவியின் பெருமை இங்கேதான் தெரியும். அது பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கிவிடுகிறது. ஒருவர் பார்த்து எழுதி முடிக்கும் வரை, அதே மதிப்போடு வந்த மற்றவர் காத்திருக்க வேண்டும். எத்தனை பேர் ஒன்றாக வந்தாலும் ஒருவர் மட்டுமே எழுத முடியும். மற்றவருக்கு 1062 கிடைக்கும். ஆகவே, 'முதலில் பார்' என்ற சோதனையைப் பயனர் வசதிக்காக வைத்துக்கொள்ளலாம். காவலைத் தரவுத்தளத்திடமே விட வேண்டும்.

பதில் வழியில் தொலைந்தால்

மறுபடியும் அந்தச் சுற்றும் வட்டத்துக்கு வருவோம். வட்டம் சுற்றுகிறது என்றால் உங்கள் கோரிக்கை போய்ச் சேரவில்லை என்று பொருளல்ல. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பணமும் பிடிக்கப்பட்டு, 'ஆயிற்று' என்ற பதில் மட்டும் திரும்பி வரும் வழியில் தொலைந்திருக்கலாம். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கணினி அறிவியலில் இதற்கு 'இரு தளபதிகள் சிக்கல்' என்று பெயர். இந்தப் பெயரை 1978-இல் பரவலாக்கியவர் ஜிம் கிரே. இரண்டு மலைகளில் இரண்டு படைகள் நிற்கின்றன, நடுவில் எதிரி. தூதர் போய்ச் சேர்ந்தாரா என்பதை உறுதிசெய்ய இன்னொரு தூதர் வேண்டும். அவர் சேர்ந்தாரா என்பதற்கு மற்றொருவர். இதற்கு முடிவே இல்லை. செய்தி தொலையக்கூடிய பாதையில், இருவரும் முழு உறுதியோடு ஒத்துப்போவது இயலாது என்று நிரூபித்திருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன வழி? மறுபடி அனுப்புவதுதான். ஆனால், மறுபடி அனுப்பினாலும் கெடுதல் வராதபடி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கிப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினாலும் ஒரு மின்தூக்கிதான் வருகிறது. பணம் செலுத்தும் பொத்தானும் அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதற்கொரு எளிய உத்தி உண்டு. நீங்கள் பணம் செலுத்தும் பக்கத்தைத் திறந்தவுடனேயே, அந்த ஒரு கொள்முதலுக்கென ஒரு நீண்ட எண்ணை உருவாக்கி உங்கள் கைப்பேசியில் வைத்துவிடுவார்கள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் போல. முதல் முறை அழுத்தும்போதும் அதே எண் போகும்; இரண்டாவது முறையும் அதே எண்தான் போகும். சர்வர் பக்கத்தில் அந்த எண்ணுக்குத் தனிச்சாவி இருக்கிறது. இரண்டாவது கோரிக்கை வந்து மோதியதும், நிரல் அதைப் பிழையாகக் காட்டாமல், முதல் கோரிக்கையின் முடிவை எடுத்து உங்களிடம் நீட்டும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் நான்கு டிக்கெட்டுகள் மட்டுமே. இணையக் கட்டணச் சேவைகள் பல இன்று இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

'பொத்தானை ஒரு முறை அழுத்தியதும் மங்கலாக்கிவிட்டால் போதாதா?' என்று கேட்கலாம். அதுவும் நல்லதுதான்; ஆனால் போதாது. பக்கத்தைப் புதுப்பித்தால் உலாவியே பழைய கோரிக்கையை மீண்டும் அனுப்பிவிடும். அதனால்தான் சில நேரம் 'படிவத்தை மறுபடி அனுப்பவா?' என்று உலாவி கேட்கிறது. சில செயலிகள் இணைப்பு அறுந்தால் தாமாகவே மறுபடி முயற்சி செய்யும். உங்கள் விரல் ஒரு முறைதான் பட்டிருக்கும்; கோரிக்கையோ மூன்று முறை போயிருக்கும்.

இரட்டையர்களும் அம்மாவின் கைப்பேசியும்

இதுவரை பார்த்தது இயந்திரத்தின் பக்கம். எதைத் தனிச்சாவியாக்குவது என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. ஏனென்றால் அது மனிதர்களைப் பற்றிய கேள்வி.

ஒரு விடுமுறைக்கால முகாமுக்கு மாணவர்கள் பதிந்துகொள்ளும் இணையத்தளம் ஒன்றை நீங்கள் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். இரட்டைப் பதிவைத் தடுக்க, 'தந்தை பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் மறுத்துவிடு' என்று கட்டளையிடுகிறீர்கள். புத்திசாலித்தனமாகத்தான் தோன்றுகிறது. முதல் நாளே ஒரு தாய் தம் இரட்டைக் குழந்தைகளைப் பதிய வருகிறார். அண்ணனுக்கு இடம் கிடைக்கிறது. தம்பிக்கு, 'நீங்கள் ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள்' என்று பதில் வருகிறது. உங்கள் கணக்கில் அந்தத் தம்பி பிறக்கவே இல்லை.

சரி, கைப்பேசி எண்ணைச் சாவியாக்கலாமா? வீட்டில் மூன்று பிள்ளைகள், கைப்பேசி அம்மாவிடம் ஒன்றுதான் என்றால் இரண்டு பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். தவிர, கைவிடப்பட்ட எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். புதிதாக எண் வாங்கியவர், முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கோடு போய் மோதுவார்.

அடையாள அட்டை எண்? மைகார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஒருவருக்கு ஓர் எண் என்ற வகையில் இது நல்ல சாவி. ஆனால் அடையாள ஆவணம் இல்லாத பிள்ளையின் நிலை என்ன? பிறப்புப் பத்திரச் சிக்கலில் மாட்டியிருக்கும் குடும்பங்கள் நம் சமூகத்தில் இருக்கின்றன என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூரில் சட்டமும் குறுக்கே நிற்கும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலன்றி அல்லது ஒருவரது அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் இருந்தாலன்றி, தனியார் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கலில் இரண்டு முறை கலந்துகொள்வதைத் தடுப்பதற்காக அந்த எண்ணைக் கேட்க முடியாது.

பெரிய அமைப்புகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஆளுக்கு ஆள் பொருளற்ற ஓர் எண்ணைத் தாமே கொடுத்து அதை முதன்மைச் சாவியாக்கிக்கொள்வார்கள். பெயர், தேதி, தொலைபேசி ஆகியவை ஒத்துப்போனால் உடனே மறுக்காமல், 'இவர் அவர்தானா என்று பாருங்கள்' என்று ஓர் ஊழியரிடம் கொடுப்பார்கள். மருத்துவமனையில் இது உயிர்ப் பிரச்சினை. ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் இருந்தால், 'பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது' என்ற குறிப்பு ஒன்றில் கிடக்கும். மருத்துவர் கையில் மற்றொன்று இருக்கும். இரண்டு நோயாளிகளை ஒருவராக எண்ணிக் கோப்புகளை இணைத்துவிட்டால் அது இன்னும் ஆபத்து.

கௌரி வேறு, கெளரி வேறு

மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாகத் தெரியலாம். காவல்காரரை ஏமாற்றும் இடம் இது.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி, இலட்சுமி. அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்த எழுத்தரின் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்துகளில் எழுதப்பட்ட பெயர்கள் ஒரே குடும்பத்தில் நான்கு விதமாக இருக்கும். பெயரை நம்பி இரட்டைப் பதிவைத் தடுக்கவே முடியாது.

தமிழ் எழுத்தில் பதிந்தால் வேறொரு வேடிக்கை. 'மோகன்' என்ற பெயரில் வரும் ஓகாரக் குறியை யூனிகோட் முறையில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். முன்னால் ஏகாரக் கொம்பு, பின்னால் கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. குறியீடுகளை மட்டும் ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ இவர்கள் இரண்டு மோகன்கள். எழுதும் முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது இதற்கு மருந்து. யூனிகோடே அதற்கு விதி வகுத்திருக்கிறது.

அந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோய் ஒன்று உண்டு. இந்தப் பகுதியின் தலைப்பை இன்னொரு முறை பாருங்கள். முதல் பெயரில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில், எகரக் கொம்புக்குப் பின் 'ள' என்ற எழுத்தையே தட்டியிருக்கிறார்கள். கணினிக்கு அது 'கெ-ள-ரி'. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் தட்டச்சு செய்கிறவருக்கே தெரியாது. கௌரியின் பழைய பதிவைத் தேடுகிறவர், 'அப்படி யாரும் இல்லை' என்று பதில் பெற்று, அவருக்குப் புதிதாக ஒரு பதிவைத் திறந்துவிடுவார்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மைஎஸ்கியூஎல் வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எண்ணும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் வேறு வேறாக எண்ணும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, நேற்று வரை இரண்டாக இருந்த மின்னஞ்சல் முகவரிகள் இன்று மோதிக்கொள்ளும்.

எண்ணைத் தவறாகத் தட்டுவதற்குச் சிங்கப்பூர் அடையாள அட்டையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதியைக் கொண்டுதான் கடைசி எழுத்து அமைகிறது. ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலோ எழுத்து பொருந்தாமல் போய்விடும். பிழை பதிவேட்டுக்குள் நுழையும் முன்பே வாசலில் பிடிபடும்.

பொய்ப் புகார்கள்

சில நேரம் இரட்டைப் பதிவே இல்லாதபோதும் காவல்காரர் கூச்சலிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவேட்டை அப்படி அமைத்துவிட்டார்கள்.

மின்னஞ்சல் இல்லாத பாட்டி ஒருவர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்கிறார். மின்னஞ்சல் கட்டத்தை வெறுமையாக விடுகிறார். நிரல் அங்கே வெற்றுச் சொல் ஒன்றை எழுதிவைக்கிறது. அடுத்த வாரம் மின்னஞ்சல் இல்லாத தாத்தா ஒருவர் வருகிறார். வெற்றுச் சொல் ஏற்கெனவே இருக்கிறது! தாத்தாவுக்கு இடமில்லை. 'தகவல் இல்லை' என்பதைக் குறிக்கத் தரவுத்தளங்களில் நல் என்ற தனிக் குறி இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் எத்தனை நல் வந்தாலும் வழக்கமாக அனுமதிக்கும். வெற்றுச் சொல்லுக்குப் பதில் அதை இட்டிருந்தால் தாத்தாவும் சேர்ந்திருப்பார்.

இன்னொரு புகழ்பெற்ற பொய்ப் புகார், 2147483647 என்ற எண்ணைச் சுட்டி வரும். எங்கிருந்து வந்தது இந்த எண்? 32 பிட் கொண்ட முழு எண் கட்டத்தில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் இதுதான். மைகார்ட் எண்ணை அந்தக் கட்டத்தில் திணிக்கப் பார்த்தால் 12 இலக்கங்கள் கொள்ளாது. பழைய அமைப்பில் இருக்கும் மைஎஸ்கியூஎல், பிழை சொல்லாமல் ஆகப் பெரிய எண்ணாக வெட்டிப் பதிந்துவிடும். முதல் உறுப்பினரும் 2147483647. இரண்டாவது உறுப்பினரும் அதே எண். உடனே 1062.

அதே தவறில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்களின் மைகார்ட் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அதை எண்ணாகச் சேமித்தால், கட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். பிறகு அடையாள அட்டையைப் பார்த்துத் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார்; இரண்டாவது பதிவு பிறக்கும். கூட்டிக் கழித்துப் பார்க்கத் தேவையில்லாத எண்ணை எழுத்தாகவே சேமியுங்கள் என்று மூத்த நிரலர்கள் சொல்வது இதனால்தான்.

பிழை வந்த பிறகு

பிழை வரத்தான் செய்யும் என்றால் அதை எப்படி வரவேற்பது? நிரல் எழுதும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில், பிழையை அதன் எண்ணைக் கொண்டே அடையாளம் காணுங்கள். செய்தியின் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பிறகு, எந்தச் சாவியில் மோதியது என்று பாருங்கள். கொள்முதல் எண்ணில் மோதினால் பழைய முடிவையே திருப்பிக் கொடுங்கள். ஒருவர் தம் முகவரியை மாற்ற வந்திருந்தால், 'இருந்தால் திருத்து, இல்லையென்றால் எழுது' என்று ஒரே கட்டளையில் சொல்லும் வசதி இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அது நெடுங்காலமாக உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து உண்டு.

இரண்டு குறுக்குவழிகளில் எச்சரிக்கை தேவை. மைஎஸ்கியூஎல்லில் 'இக்னோர்' என்று சேர்த்தால் இரட்டைப் பதிவுப் பிழை மறைந்துவிடும். கூடவே வேறு பிழைகள் சிலவும் சத்தமில்லாமல் மறையும். 'ரிப்ளேஸ்' என்ற கட்டளை பழைய வரியைத் திருத்துவதில்லை. அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. அந்த வரியோடு இணைந்திருந்த பழைய ரசீதுகளும் அதனோடு சேர்ந்து அழிந்துபோகக்கூடும்.

இன்னொரு விஷயம். மைஎஸ்கியூஎல்லில் ரசீது எண்ணைத் தானாகக் கூட்டிக்கொண்டே போகும்படி அமைத்திருந்தால், மோதித் தோற்ற பதிவும் ஓர் எண்ணை விழுங்கிவிடும். 1042-க்கு அடுத்து 1044 இருக்கும். ஆண்டுக் கூட்டத்தில், '1043 எங்கே?' என்று எழுந்து கேட்பார்கள். பாவம், பொருளாளர் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த எண் இரட்டைப் பதிவில் போயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிழைச் செய்தியை அப்படியே திரையில் காட்டாதீர்கள். மோதிய மதிப்பு அதில் அப்படியே இருக்கும். அது ஒருவரின் அடையாள அட்டை எண்ணாக இருக்கலாம். 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இங்கே பதிவாகியிருக்கிறது' என்ற சாதாரண வரியும் சில இடங்களில் ஆபத்து. மனநல ஆலோசனைத் தளம் ஒன்றில் யார் வேண்டுமானாலும் உங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்து, நீங்கள் அங்கே போகிறீர்களா என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா? அங்கெல்லாம் திரையில், 'உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியை அந்த மின்னஞ்சலின் சொந்தக்காரருக்கு மட்டும் தெரிவிப்பதே முறை.

உங்கள் விரலுக்கு ஒரு வேண்டுகோள்

இனி வட்டம் சுற்றும்போது என்ன செய்யலாம்? இரண்டாவது முறை அழுத்துவதற்கு முன், வங்கிச் செயலியைத் திறந்து பணம் பிடிக்கப்பட்டதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் உறுதிச் செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், தளத்தில் 'என் பதிவுகள்' என்ற பக்கத்தில் தேடுங்கள். அப்படியும் பணம் இரண்டு முறை போயிருந்தால் பரிவர்த்தனை எண்கள் இரண்டையும் குறித்துக்கொண்டு உடனே புகார் கொடுங்கள். எண்கள் வேறு வேறாக இருப்பதே, ஒரே கொள்முதலை இரண்டாக எண்ணிவிட்டார்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று.

'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் உங்கள் முதல் முயற்சியே வென்றிருக்கும். அப்படி நீங்கள் பதிந்ததே இல்லை என்றால் மட்டும் அலட்சியம் வேண்டாம். உங்கள் எண்ணை வேறு யாரோ தவறுதலாகவோ வேண்டுமென்றோ பயன்படுத்தியிருக்கலாம். இன்னொரு மின்னஞ்சலைக் கொடுத்துப் புதுக் கணக்குத் திறந்துகொண்டு தாண்டிப் போகாமல், அந்த அமைப்பை அழைத்து விவரம் கேளுங்கள்.

உங்கள் சங்கத்துக்கோ கோயிலுக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கோ யாராவது இணையப் பதிவு அமைத்துக் கொடுத்தால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எங்கள் ஊரில் இரட்டையர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் உங்கள் தளம் ஏற்றுக்கொள்ளுமா?' அவர் உடனே பதில் சொல்லாமல் சற்று யோசித்தால், நல்ல ஆளிடம்தான் வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள்.